ப்ராஸ்டேட் கேன்சருக்கு வாயில போடற ஹார்மோன் மாத்திரை: கவுன்டர்ல வந்து கேக்கற கேள்விகளும் பதில்களும்

கேன்சர் ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கற ஒரு மெடிக்கல்ல நான் பார்மசிஸ்ட். ப்ராஸ்டேட் கேன்சருக்கு ஹார்மோன் மாத்திரை வாங்க வர்றது பெரும்பாலும் பேஷண்ட் இல்ல, மகனோ மருமகளோ வீட்டம்மாவோதான், டாக்டர்கிட்ட கேக்க மறந்தது, கேக்கக் கூச்சப்பட்டது எல்லாத்தையும் கவுன்டர்ல நின்னு கேப்பாங்க. அந்தக் கேள்விகள்தான் இது. கீமோன்னா நர்ஸ் பக்கத்துலயே நின்னு ஏத்துவாங்க, இது வீட்ல டம்ளர் தண்ணியோட முழுங்கறதுங்கறதால நிறைய பேர் சத்து மாத்திரை கணக்கா நினைச்சுக்கறாங்க, பாதி பிரச்சனை அதுலதான் வருது. டோஸ மாத்தறதும் நிறுத்தறதும் உங்க டாக்டர் வேலை. நான் சொல்றது வீட்ல எப்படிப் போடணும், எதைக் கவனிக்கணும்னு மட்டும்.

ஊசியும் போடறோம், அப்புறம் எதுக்கு மாத்திரை வேற?

ப்ராஸ்டேட் கேன்சர் வளர டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் வேணும், அதை நிறுத்தினா கேன்சர் சுருங்கும்னு 1941லயே சார்லஸ் ஹக்கின்ஸ்னு ஒரு டாக்டர் சிகாகோல காட்டினாரு, 1966ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சுது. லியூப்ரோலைடு, கோசெரலின், டிரிப்டோரெலின் மாதிரி ஊசிங்க விரைல சுரக்கற ஹார்மோனை நிறுத்தும், விரையை ஆபரேஷன் பண்ணி எடுத்தாலும் அதே பலன்தான். ஆனா கிட்னிக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பியும் கொஞ்சம் தயாரிக்கும், சில பேருக்கு கேன்சர் கட்டியே தனக்கு வேண்டியதைத் தயாரிச்சுக்கும். அபிரடெரோன் மாத்திரை இந்தத் தயாரிப்பையே அடைக்குது. என்சலூடமைடு, அபலூடமைடு, டரோலூடமைடு, பழைய பைகலூடமைடு எல்லாம் வேற வழி, ஹார்மோன் கேன்சர் செல்லுல போய் ஒட்டற இடத்தை மறிச்சு உக்காந்துக்கும். அதனால பெரும்பாலானவங்களுக்கு ரெண்டும் சேர்ந்துதான், மாத்திரைதான் ஆரம்பிச்சாச்சேன்னு 3 மாச ஊசியைத் தள்ளிப் போடாதீங்க.

முதல் ஊசிக்கு முன்னாடி கொஞ்ச நாள் பைகலூடமைடு மட்டும் எழுதிருக்காங்க, ஏன்?

லியூப்ரோலைடு வகை ஊசி போட்டதும் முதல் கொஞ்ச நாளைக்கு ஹார்மோன் இறங்காம ஏறும். முதுகெலும்புல கேன்சர் பரவியிருந்தா அந்த நேரத்துல வலி ஜாஸ்தியாகலாம், யூரின் அடைச்சுக்கலாம். அதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே பைகலூடமைடு. டெகரெலிக்ஸ் ஊசில இந்த ஏத்தம் இல்ல.

வெறும் வயித்துல போடணும்னு அபிரடெரோன் டப்பால இருக்கு. காபி குடிக்கலாமா? காபி சாப்பாடா என்ன?

எங்க கடைல அதிகமா கேக்கற கேள்வி இதுதான். பால் காபி சாப்பாடுதாங்க. டீ, ஹார்லிக்ஸ், கஞ்சி, ஒரே ஒரு பிஸ்கட்டு எல்லாமே சாப்பாட்டுக் கணக்குதான். கடைசியா சாப்பிட்டு குறைஞ்சது 2 மணி நேரம் ஆகியிருக்கணும், மாத்திரை போட்டப்புறம் 1 மணி நேரம் ஒண்ணும் சாப்பிடக் கூடாது, தண்ணி மட்டும் ஓகே.

வெறும் வயித்துல போட்டாதான் மருந்து நல்லா ஏறும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இங்க அது அப்படியே தலைகீழ். சாப்பாட்டோட போட்டா அளவுக்கு மீறி ஏறிடும், அதுவும் எண்ணெய் நெய் ஜாஸ்தியான சாப்பாடுன்னா ரத்தத்துல மருந்து 10 மடங்கு வரைக்கும் போகும். ஒரு நாள் இட்லியோட, ஒரு நாள் பூரி கிழங்கோடன்னு போட்டா ஒவ்வொரு நாளும் உள்ள போற மருந்து ஒவ்வொரு அளவு, அப்புறம் பிரஷர் ஏன் ஏறுச்சு, லிவர் டெஸ்ட் ஏன் மாறுச்சுன்னு டாக்டர் மண்டையை உடைச்சுக்குவாரு.

எங்க கஸ்டமர் ஒரு பெரியவர் விடியக்காலைல 5 மணிக்கு எழுந்து பல்லு விளக்கிட்டு மாத்திரையை முழுங்கிடுவாரு, வாக்கிங் போய்ட்டு ஆறரைக்கு வந்துதான் காபி, 8 மணிக்கு டிபன். காபி இல்லாம கண்ணே திறக்காதுன்னா ராத்திரிக்கு மாத்திக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, 7 மணிக்கு சாப்பாட்டை முடிச்சுட்டு ஒன்பதரைக்கு மாத்திரைன்னு வச்சுக்கறவங்களும் இருக்காங்க. ஆனா படுக்கறப்ப பால் குடிக்கற பழக்கம் இருந்தா அங்கயும் அதே 1 மணி நேரக் கணக்கு வரும். தைராய்டு மாத்திரையும் காலைல வெறும் வயித்துலங்கறவங்களுக்கு ராத்திரி நேரம் சௌகரியமா இருக்கும்.

என்சலூடமைடு, அபலூடமைடு, பைகலூடமைடுக்கு இந்த சாப்பாட்டுத் தகராறே கிடையாது, எப்ப வேணா போடலாம், தினமும் ஒரே நேரமா இருந்தா போதும். டரோலூடமைடு நேர் எதிர், அதை சாப்பாட்டோடதான் போடணும், ஒரு நாளைக்கு 2 வேளை. பக்கத்து பெட் பேஷண்ட் சொன்ன முறை உங்களுக்குப் பொருந்தாது, உங்க டப்பால என்ன பேரு இருக்குன்னு பாருங்க.

கூடவே பிரெட்னிசோலோன் குடுத்திருக்காங்க. அது ஸ்டீராய்டாமே, நிறுத்திடலாமா?

தயவு செஞ்சு நிறுத்தாதீங்க. அபிரடெரோன் அட்ரினல் சுரப்பில கைய வைக்குதுன்னு சொன்னேன்ல, அதுல உடம்புக்குத் தேவையான கார்டிசோல் குறைஞ்சு, உப்பைப் பிடிச்சு வைக்கற வேற ஒரு ஹார்மோன் ஏறிடும். விளைவு, பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். அதை சமன் பண்ணத்தான் இந்த சின்ன டோஸ் ஸ்டீராய்டு, 5 மில்லிகிராம் ஒரு வேளை, சிலருக்கு ரெண்டு வேளை, நோய் எந்தக் கட்டத்துல இருக்குங்கறதைப் பொறுத்து மாறும். ஸ்டீராய்டுன்ன உடனே பயந்து, கேன்சர் மாத்திரையை மட்டும் ஒழுங்கா போட்டுட்டு இதைத் தூக்கிப் போட்டுட்டு வர்றவங்க இருக்காங்க, அதுதான் ஆபத்து. திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், வாந்தி, பிரஷர் ரொம்ப இறங்கறதுன்னு வரும். காய்ச்சல், விபத்து, பல்லு பிடுங்கறது, ஆபரேஷன்னு எதுக்குப் போனாலும் ஸ்டீராய்டு எடுக்கறேன்னு அந்த டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, அந்த சமயத்துல டோஸ் கூட்ட வேண்டி வரலாம்.

இதை மட்டும் சாப்பிட்டப்புறம் போடுங்க, வயிறு புண்ணாகாது. அதாவது அபிரடெரோன் வெறும் வயித்துல, பிரெட்னிசோலோன் டிபனுக்கு அப்புறம். ரெண்டையும் ஒரே டப்பால போட்டு வச்சு ஒரே வாய்ல முழுங்கறதுதான் நான் அடிக்கடி பாக்கற குழப்பம்.

போன மாசம் தினமும் 4 மாத்திரை போட்டோம், இந்த மாசம் டப்பா வேற மாதிரி இருக்கு, இதுலயும் 4 தானே?

டப்பாவைத் திருப்பிப் பாருங்க. அபிரடெரோன் 250 மில்லிகிராம்லயும் வருது, 500லயும் வருது. வழக்கமான டோஸ் ஒரு நாளைக்கு 1000, அப்ப 250ன்னா நாலு, 500ன்னா ரெண்டு. கம்பெனி மாறினா பில் போடறவரே கூட சொல்ல மறந்துடுவாங்க, அப்பா பழக்க தோஷத்துல 4 போட்டா டபுள் டோஸ். 250ல 120 மாத்திரை டப்பான்னா சரியா 30 நாளைக்கு வரணும், 15 நாள்ல தீர்ந்தாலோ 40 நாள் ஆகியும் மிச்சம் இருந்தாலோ எங்கயோ தப்பு நடக்குதுன்னு அர்த்தம். நான் டப்பா மேலயே மார்க்கர்ல எத்தனைன்னு எழுதிக் குடுத்துடுவேன், நீங்களும் எழுதி வைங்க.

ஒரே அபிரடெரோன் மாத்திரைய சாப்பாட்டோட போட்டா 4 மாத்திரைக்கு சமம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

முழுக்க கட்டுக்கதைன்னு சொல்ல முடியாது. 250 மில்லிகிராமை கொழுப்பு கம்மியான காலை சாப்பாட்டோட போட்டவங்களையும் 1000 மில்லிகிராமை வெறும் வயித்துல போட்டவங்களையும் வச்சு 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, ரெண்டு பக்கமும் பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் கேன்சரோட போக்கைக் காட்டற ரத்த டெஸ்ட் அளவு) கிட்டத்தட்ட ஒரே மாதிரி குறைஞ்சுது. ஆனா அது மொத்தமே 72 பேரை வச்சுப் பண்ணினது, எவ்ளோ நாள் உயிரோட இருக்காங்கன்னு அளக்கறதுக்காகப் பண்ணினதும் இல்ல. செலவு தாங்க முடியாதவங்களுக்கு நம்ம ஊர்லயும் சில கேன்சர் டாக்டர்கள் யோசிச்சு இப்படி எழுதறாங்க, அவங்க எழுதினா அது வேற. காசு கஷ்டம்னா கூச்சப்படாம டாக்டர்கிட்டயே இதைக் கேளுங்க, ஆனா நீங்களா வீட்ல ஆரம்பிக்காதீங்க, நம்ம பொங்கலும் வடையும் அந்தக் கொழுப்பு கம்மியான சாப்பாட்டு லிஸ்ட்ல வராது.

ஒரு நாள் போட மறந்துட்டாரு, மறுநாள் சேர்த்துப் போடலாமா?

எந்த மாத்திரையா இருந்தாலும் டபுளா மட்டும் கூடாது. அபிரடெரோன்னா விட்டது விட்டதுதான், மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான டோஸ், ஒரு நாளைக்கு மேல விட்டிருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. என்சலூடமைடு அன்னிக்கே ஞாபகம் வந்தா போட்டுக்கலாம், நாள் தாண்டிட்டா விட்ருங்க. டரோலூடமைடு அடுத்த வேளைக்கு முன்னாடி ஞாபகம் வந்தா போடலாம். ஊசிக்குப் பதிலாவே குடுக்கற ரெலுகோலிக்ஸ்னு ஒரு மாத்திரை இருக்கு, அதை 7 நாளைக்கு மேல விட்டுட்டா முதல் நாள் போட்ட பெரிய டோஸ்ல இருந்து திரும்ப ஆரம்பிக்கணும், அதனால உடனே போன் பண்ணுங்க. போட்ட உடனே வாந்தி எடுத்துட்டாலும் திரும்பப் போட வேண்டாம், என்ன பண்றதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கேளுங்க.

உடைச்சோ பொடி பண்ணியோ குடுக்கலாமா? மருமக மாசமா இருக்கா, அவதான் எடுத்துக் குடுக்கறா.

உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, கேப்ஸ்யூலைத் திறக்கக் கூடாது, முழுசா தண்ணியோட முழுங்கணும். முழுங்க முடியலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, எல்லா மருந்துக்கும் ஒரே வழி கிடையாது. மாசமா இருக்கற பொண்ணு இந்த மாத்திரையை வெறும் கையால தொடவே வேண்டாம், முக்கியமா உடைஞ்சது, நொறுங்கினது, லீக் ஆன கேப்ஸ்யூல் எதுவா இருந்தாலும். வயித்துல ஆம்பளப் பிள்ளை இருந்தா அதோட வளர்ச்சியைப் பாதிக்கலாம். வேற யாராவது எடுத்துக் குடுங்க, ஆளே இல்லன்னா கையுறை போட்டுக்கட்டும். மனைவி கருத்தரிக்கற வயசுல இருந்தா ஆணுறை அவசியம், மாத்திரை நிறுத்தின அப்புறமும் கொஞ்ச காலம் வேணும், எவ்ளோ நாள்னு மருந்துக்கு மருந்து மாறும்.

எப்பப்ப என்ன டெஸ்ட் எடுக்கணும்? நல்லாத்தானே இருக்காரு?

அபிரடெரோன்ல லிவர் டெஸ்ட் முதல் 3 மாசம் 2 வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மாசம் ஒரு தடவை. பிரஷர், பொட்டாசியம், கால் வீக்கம் இதெல்லாம் குறைஞ்சது மாசா மாசம் பாக்கணும். லிவர் கெட்டுப் போறது முதல்ல வெளிய தெரியவே தெரியாது, நல்லாத்தானே இருக்காருன்னு டெஸ்ட்டைத் தள்ளிப் போடறது அதனாலதான் தப்பு. பைகலூடமைடுலயும் லிவர் பாக்கணும், அபலூடமைடுன்னா தைராய்டும் பாப்பாங்க. வீட்ல ஒரு பிரஷர் மிஷின் வாங்கி நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சீங்கன்னா டாக்டருக்கு அவ்ளோ உபயோகம். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைக்கணும். பொட்டாசியம் கம்மின்னு ரிப்போர்ட் வந்தா இளநீர் குடிச்சா போதும்னு விட்றாதீங்க, ரொம்ப குறைஞ்சா இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

ஏற்கனவே ஷுகர், பிரஷர், ஹார்ட் மாத்திரை ஓடுது. நாட்டு மருந்தும் எடுக்கறாரு. ஒண்ணும் ஆகாதே?

இங்கதான் கவனம் வேணும், எல்லா ஸ்ட்ரிப்பையும் ஒரு மஞ்சப் பைல போட்டு அப்படியே எடுத்துட்டுப் போய் டாக்டர் டேபிள்ல கொட்டுங்க, லிஸ்ட் எழுதறதை விட இது மேல்.

அபிரடெரோன் எடுக்கறவங்க ஷுகருக்கு பயோகிளிட்டசோனோ ரெபாகிளினைடோ போட்டா ஷுகர் ரொம்ப இறங்கலாம், இன்னொரு பக்கம் ஸ்டீராய்டு ஷுகரை ஏத்தும், ஆக ஆரம்பத்துல அடிக்கடி ஷுகர் பாக்கணும். மெட்டோப்ரோலால், இருமல் சிரப்புல வர்ற டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இதெல்லாம் உடம்புல அதிகமா தங்கும். டிபி மருந்துல இருக்கற ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் குடுக்கற ஃபெனிட்டாயின், கார்பமசெபின் அபிரடெரோனோட அளவைக் குறைச்சிடும். கால் வீக்கத்துக்கு ஸ்பைரனோலாக்டோன் பழைய சீட்டுல இருந்தா சொல்லுங்க, பிஎஸ்ஏ ஏற அதுவே காரணமாகலாம்.

என்சலூடமைடும் அபலூடமைடும் வேற ரகம், மத்த மருந்துங்களை லிவர் சீக்கிரம் கரைச்சு வெளியேத்தற மாதிரி பண்ணிடும். ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற வார்ஃபரின், அசினோகூமரால், அபிக்ஸபான், ரிவராக்ஸபான், பிரஷருக்கு அம்லோடிபின் எல்லாமே வேலை குறையலாம். டரோலூடமைடோட ரோசுவாஸ்டாட்டின் கொழுப்பு மாத்திரை சேர்ந்தா அது ரத்தத்துல 5 மடங்கு வரைக்கும் ஏறும், டோஸை ரொம்ப குறைக்கணும், இல்லன்னா வேற மாத்திரைக்கு மாத்தணும்.

நாட்டு மருந்துல ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்றேன், அதிமதுரம். தொண்டை கமறுதுன்னா நாமளே வாயில போட்டு அடக்கிக்குவோம், சூரணத்துலயும் இருமல் சிரப்புலயும் இருக்கும். அதிமதுரமும் பிரஷரை ஏத்தி பொட்டாசியத்தை இறக்கும், அபிரடெரோன் பண்ற அதே வேலை. ரெண்டும் சேர்ந்தா என்னாகும்னு நீங்களே பாத்துக்கோங்க. மத்த லேகியம், பொடியும் என்ன கலந்திருக்குன்னு தெரியாம வேண்டாம்.

என்சலூடமைடு ஆரம்பிச்சதுல இருந்து அப்பா எப்பப் பாத்தாலும் படுத்தே கிடக்காரு.

அசதி இந்த மருந்துல ரொம்ப சகஜம், ரத்த சோகை, தைராய்டு, மனசு சோர்வு இதெல்லாமும் சேர்ந்திருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. படுத்தே கிடந்தா அசதி கூடத்தான் செய்யும், தினமும் கொஞ்ச நேர நடை நிஜமாவே உதவும். கீழ விழறதும் எலும்பு முறியறதும் என்சலூடமைடு, அபலூடமைடு ரெண்டுலயும் கூடுது, அதனால பாத்ரூம்ல கைப்பிடி, ராத்திரி லைட்டு, வழுக்காத செருப்பு. வலிப்பு வர்றது அபூர்வம், 100ல ஒருத்தருக்கும் கம்மி, ஆனா முன்னாடி வலிப்பு, பக்கவாதம், தலைல அடி இருந்திருந்தா கட்டாயம் சொல்லணும், வண்டி ஓட்டலாமான்னும் கேளுங்க. வலிக்கு டிராமடால் நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, அது வலிப்பு வர்ற வாய்ப்பைக் கூட்டும். அபலூடமைடுல தோல் தடிப்பு வரும், சொறிஞ்சுட்டு உக்காராம காட்டுங்க.

திடீர்னு உடம்பெல்லாம் சூடாகி வேர்க்குது, மார்பு பெருசாகுது. இதெல்லாம் யார்கிட்ட சொல்றது?

டாக்டர்கிட்டதான், அவங்களுக்கு இது தினசரி விஷயம். சூடு அடிக்கறது பெண்களுக்கு மாதவிடாய் நிக்கறப்ப வர்ற அதே சமாச்சாரம், ஹார்மோன் குறைஞ்சதால. காரம், சூடான காபி, சாராயம் இதெல்லாம் சிலருக்குக் கிளப்பி விடும், ரொம்பத் தொந்தரவுன்னா மருந்து இருக்கு. மார்பு வலியோட பெருசாகறது பைகலூடமைடு தனியா எடுக்கறவங்களுக்கு அதிகம், ஆரம்பத்துலயே சொன்னா தடுக்க வழி உண்டு, பெருசான அப்புறம் கஷ்டம். தாம்பத்திய ஆசை குறையறதும் மருந்தாலதான், அவருக்கு உங்க மேல வெறுப்பு வந்துடுச்சுன்னு அம்மாக்கள் யாரும் நினைச்சுக்க வேண்டாம். எரிச்சல், அழுகை, தூக்கமின்மை இருந்தா அதையும் சொல்லுங்க.

எலும்பு தேயறதுக்கு டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பத்திக் கேளுங்க. எலும்பைப் பலப்படுத்தற ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடப் போறாங்கன்னா அதுக்கு முன்னாடியே பல்லு டாக்டரைப் பாத்து பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிடுங்க, ஊசி போட்டப்புறம் பிடுங்கினா தாடை எலும்பு ஆறாம போகலாம்.

பிஎஸ்ஏ சுத்தமா இறங்கிடுச்சு, இனி மாத்திரை வேணுமா?

இறங்கினது மாத்திரையாலதான். சில பேருக்கு, குறிப்பா கதிர் சிகிச்சையோட சேர்த்துக் குடுக்கறப்ப, இத்தனை வருஷம்னு முடிவு தேதி இருக்கும், பரவின நோய்ல பெரும்பாலும் மாத்திரை வேலை செய்யற வரைக்கும் தொடரும். உங்க கேஸ் எதுன்னு டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க.

ரமலான் நோன்பு வருது, எப்படிப் போடறது?

அபிரடெரோன் ஒரு நாளைக்கு ஒரே வேளைங்கறதால நேரத்தை மாத்தி வைக்க வழி இருக்கு, நோன்பு திறந்து சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு போட்டு அப்புறம் 1 மணி நேரம் சாப்பிடாம இருந்தா கணக்கு சரியாகும். பிரெட்னிசோலோன் 2 வேளைன்னா சஹருக்கும் (விடியறதுக்கு முன்னாடி சாப்பாடு) இஃப்தாருக்கும் (நோன்பு திறக்கற சாப்பாடு) பிரிக்கலாமான்னு நோன்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. ஷுகர் இருக்கறவங்க நோன்பு வைக்கலாமாங்கறதே தனிக் கேள்வி.

விலை தாங்கல. கம்பெனி மாத்தலாமா?

அபிரடெரோன் 2019ல உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்ந்த மருந்து, நம்ம நாட்டுலயே பல கம்பெனி தயாரிக்குது. டப்பால போட்ட எம்ஆர்பிக்கும் கடைக்காரன் குடுக்கக்கூடிய விலைக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கும், கடைக்காரனான நானே சொல்றேன், ரெண்டு மூணு இடத்துல கேளுங்க. கம்பெனி மாத்தினா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மில்லிகிராம் பாருங்க, பில் இல்லாம வாங்காதீங்க, சீல் உடைஞ்ச டப்பா வேண்டாம், பேட்ச் நம்பரை போட்டோ எடுத்து வைங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா ஆஸ்பத்திரி காப்பீட்டு டெஸ்க்ல உங்க மருந்துக்குக் கிடைக்குமான்னு விசாரிங்க.

எதுக்கெல்லாம் ராத்திரின்னாலும் ஓடணும்?

நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, படபடப்போட தலைசுத்தி விழறது, வலிப்பு, கண்ணு மஞ்சளாகி யூரின் கட்டங்காபி நிறத்துல போறது, நிக்காத வாந்தி, யூரின் அடைச்சுக்கறது. இன்னொண்ணு நிறைய பேர் வாயுப் பிடிப்புன்னு விட்டுடறது, புதுசா முதுகு வலி வந்து கால் மரத்துப் போறது, நடக்க முடியாம போறது, மோஷன் யூரின் கட்டுப்பாடு இல்லாம போறது. தண்டுவடம் நசுங்குதுன்னு அர்த்தமா இருக்கலாம், காலைல பாத்துக்கலாம்னு இருந்தா கால் திரும்ப வராமலே போயிடலாம், உடனே 108.

மிச்சமான மாத்திரையை இன்னொரு பேஷண்டுக்குக் குடுக்கலாமா?

நல்ல மனசுதான், ஆனா நேரா கைல குடுக்காதீங்க. பிரிக்காத டப்பான்னா ஆஸ்பத்திரில சோஷியல் வொர்க்கர்கிட்ட கேட்டுப் பாருங்க, பிரிச்சதை குப்பைலயோ டாய்லெட்லயோ போடாம எங்கள மாதிரி மெடிக்கல்லயோ ஆஸ்பத்திரி பார்மசிலயோ திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க.